பொறியை எறிந்த வேட்டைக்காரர்

குழந்தை அழுவது போல ஒரு சத்தம்!

சுற்றிலும் ஊர் இல்லை; ஆள் நடமாட்டம் இல்லை. கனடா தேசத்தில் கியூபெக் மாகாணத்துக் காட்டின் நடுவே ஓர் ஏரி. பனி உருகி முடிந்த வசந்த காலம். வருஷம் 1928. தோணியில் இருவர் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் பொறி வைத்து மிருகங்களைப் பிடித்து ரோமத்தோல் விற்றுப் பிழைக்கும் வேட்டைக்காரர். கூட இருந்தவர் அவருடைய மனைவி. நாற்பதை எட்டப்போகும் கணவர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மனைவி.

அழுதவை மனிதக் குழந்தைகள் அல்ல. பீவர் என்னும் பிராணியின் இரண்டு குட்டிகள். அவற்றின் தாயை எங்கே காணோம் என்று கேட்க வேண்டியதில்லை. இவர் வைத்த பொறிதான் அதைக் கொண்டு போயிருந்தது.

வசந்த வேட்டைக்குப் போகிற எவருக்கும் அது பழகிய அழுகைதான். தாய் போய்விட்டால் குட்டிகள் கூட்டுக்குள் இரண்டு மூன்று நாள் அழும், பிறகு அடங்கிவிடும். தோலுக்கு உதவாத குட்டிகளைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? ஆனால் மனைவி விடவில்லை. "இவற்றை எடுத்துக்கொண்டு போவோம்" என்று பிடிவாதமாக நின்றார். அவரும் மறுக்கவில்லை. தோணிக்குள் வந்து சேர்ந்த குட்டிகள் இரண்டும் ஒரு மனிதனுடைய ஜீவனத்தையே தலைகீழாகப் புரட்டப் போகின்றன என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

உலகம் அவரைப் பிற்பாடு 'கிரே அவுல்' என்று அறிந்தது. 'சாம்பல் ஆந்தை' என்று பொருள். தம் வேட்டை வருஷங்களைத் திரும்பிப் பார்த்து அவர் எழுதிய புத்தகங்கள் லட்சக்கணக்கானவர்களின் மனத்தைத் தொட்டன. ஆனால் அந்தப் பெயருக்குள்ளே இன்னொரு கதை ஒளிந்திருந்தது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் அந்தத் தொழிலைப் பார்க்கவேண்டும்.

தொப்பிக்காக ஒரு தேசம்

பீவர் நம் பக்கத்தில் இல்லாத பிராணி. நீர்நாய் என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், அது தவறு. நீர்நாய் மீன் தின்பது. பீவரோ எலியையும் அணிலையும் போலக் கொறிக்கிற ஜாதி. மரப்பட்டைதான் அதற்குச் சாப்பாடு. நன்றாக வளர்ந்தால் இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும். துடுப்பைப் போல் பட்டையான வால். இரும்புச் சத்து ஏறி ஆரஞ்சு நிறமாகிவிட்ட முன்பற்கள். அந்தப் பற்களால் மரத்தை அறுத்துச் சாய்க்கும். கிளையும் சேறும் கல்லும் சேர்த்து ஓடையின் குறுக்கே அணை போடும். தேங்கிய நீரின் நடுவில் வீடு கட்டும். வீட்டுக்கு வாசல் தண்ணீருக்கு அடியில்! குளிர்காலத்துக்கு வேண்டிய கிளைகளையும் நீருக்குள்ளேயே சேமித்து வைக்கும். கல்லணை கட்டிய கரிகாலனை நாம் கொண்டாடுகிறோம். அந்தக் காடுகளில் ஓடைக்கு ஓடை ஒரு கரிகாலன்!

இந்தப் பிராணிக்குப் பிடித்த சனியன் அதன் ரோமம். மேலே முரட்டு மயிர். அடியில் பஞ்சு போன்ற மென்மயிர். அந்த அடிமயிரில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. ஈரமும் சூடும் கொடுத்து அழுத்தினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உறுதியான தகடாகிவிடும். மழையில் நனைந்தாலும் உருக்குலையாது. ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிக்கு இதைவிட வேறு சரக்கு ஏது? ஆதிக்குடி மக்கள் உடுத்திப் பழசாக்கிய பீவர் போர்வைக்குத்தான் வியாபாரிகள் அதிக விலை கொடுத்தார்கள் என்பது வேடிக்கை. உடம்பில் உரசி உரசி முரட்டு மயிர் தானே உதிர்ந்திருக்கும்; தொப்பிக்காரனுக்கு வேலை மிச்சம்!

1670-ம் ஆண்டு மே மாதம் 2-ம் தேதி இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஒரு கம்பெனிக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தார். அதுதான் ஹட்சன் விரிகுடாக் கம்பெனி. நமக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எப்படியோ, அந்தப் பிரதேசத்துக்கு இது அப்படி. அங்கே பல காலம் பீவர் தோலே கணக்குப் பணம். துப்பாக்கிக்கு இத்தனை தோல், கம்பளிக்கு இத்தனை தோல், கெட்டிலுக்கு இத்தனை தோல் என்று விலை. 19-ம் நூற்றாண்டின் மத்தியில் பட்டுத் தொப்பி நாகரிகமாகி, பீவருக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. ஆனாலும் கோட்டுக்கும் காலருக்கும் தோல் வேண்டியிருந்ததே! கோடிக்கணக்கில் இருந்த பிராணி, 1900-ம் ஆண்டு வாக்கில் பல பிரதேசங்களில் தேடினாலும் கிடைக்காத நிலைக்கு வந்துவிட்டது. (அந்தக் கம்பெனி பின்னால் பெரிய பெரிய கடைகள் நடத்தும் வியாபார நிறுவனமாக மாறி, 2025-ம் ஆண்டில் கடன் தாங்காமல் தன் கடைகளை எல்லாம் மூடியது. தோலில் ஆரம்பித்த கணக்கு அப்படி முடிந்தது.)

பொறியின் வாய்

நம் வீட்டு எலிப்பொறியை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அதைப் பல மடங்கு பெரிதாக்கி, எஃகில் செய்து, இரண்டு பக்கமும் விசை வில் வைத்தால் அதுதான் வேட்டைக்காரரின் பொறி. இரண்டு தாடைகளையும் விரித்து வைப்பார்கள். நடுவில் ஒரு சிறிய தட்டு. அதில் கால் பட்டால் தாடைகள் படீரென்று மூடிக்கொள்ளும். அது கொல்லாது, காலைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

பீவருக்கு அதை நீருக்கடியில், கரையேறும் இடத்தில் வைப்பார்கள். பீவரின் உடம்பில் சுரக்கும் ஒரு வாசனைப் பொருளைக் குச்சியில் தடவிப் பக்கத்தில் நட்டுவிடுவார்கள். அந்நிய பீவர் வந்திருக்கிறதோ என்று பார்க்க வரும் பிராணி காலை வைக்கும். அகப்பட்டதும் அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பான இடத்துக்கு, ஆழமான தண்ணீருக்கு, பாயும். சங்கிலியும் பாரமும் அதைத் திரும்ப மேலே வரவிடாது. கால் மணி நேரம் வரையில் மூச்சடக்கக்கூடிய ஜீவன் அது. அத்தனை நேரமும் போராடும் என்பதுதான் அதன் பொருள். சில சமயம் சங்கிலி பிடிக்காமல் போனால் தன் காலையே முறித்துக்கொண்டு தப்பி ஓடும்.

தரையில் அகப்படும் மிருகங்களின் கதி இன்னும் மோசம். ஒருவர் பொறி வைக்கும் பாதை பல மைல் நீளும். பனிச்செருப்பை மாட்டிக்கொண்டு, வழியில் உள்ள சிறு குடிசைகளில் இரவைக் கழித்து, ஒரு சுற்று வருவதற்கே பல நாள் ஆகும். அதுவரை பொறியில் கிடப்பது குளிரில் கிடக்க வேண்டியதுதான். வேட்டைக்காரர் வரும்போது செத்து விறைத்திருக்கும். அல்லது உயிரோடு இருக்கும். உயிரோடு இருந்தால் கட்டையால் அடித்துக் கொல்வார்கள். துப்பாக்கியால் சுட்டால் தோலில் ஓட்டை விழுந்து விலை குறைந்துவிடும் அல்லவா?

வேட்டைக்காரரின் வாழ்க்கையும் சுகமானது அல்ல. பனிக்கட்டியைக் கோடரியால் வெட்டி ஈரக் கையோடு பொறி வைக்கவேண்டும். பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தவர்கள் உண்டு. குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய மாவும் தேயிலையும் கடனில் வாங்கி, வசந்தத்தில் தோலைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கவேண்டும். தோல் குறைந்தால் கடன் நிற்கும். கடன் நின்றால் அடுத்த வருஷம் இன்னும் தூரம் போய், இன்னும் அதிகப் பொறி வைக்கவேண்டும். இந்தச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு சுற்றியவர்தான் கிரே அவுல்.

மனைவியின் பெயர் அனாஹாரியோ. மோஹாக், அல்கோன்கின் பரம்பரையில் வந்தவர். 1925-ம் ஆண்டில் டெமகாமி ஏரிக்கரையில் அவரைச் சந்தித்து, பிறகு அவரோடு காட்டுக்குப் போனார். கணவரோடு பொறிப் பாதையில் நடந்தபோதுதான் அந்தத் தொழிலின் கொடூரத்தை நேரில் கண்டார். விறைத்துக் கிடந்த மிருகங்களின் கோலம் அவரை உலுக்கிவிட்டது. கணவரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவருக்கோ பதில் ஒன்றுதான்: வேறு என்ன தொழில் தெரியும்?

அதற்குப் பிறகுதான் அந்த 1928 வசந்தம் வந்தது.

வீட்டுக்கு வந்த இரண்டு பேர்

குட்டிகளுக்கு மக்ஜின்னிஸ், மக்ஜின்டி என்று பெயர் வைத்தார்கள். டப்பாப் பாலைக் குச்சியில் தோய்த்துக் கொடுத்தார்கள், நக்கிக் குடித்தன. பசித்தால் அழும், தனியே விட்டால் அழும், தூக்கினால் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு தூங்கும். குடிசைக்குள் கிடைத்த விறகையும் சாமானையும் இழுத்து வந்து அணை கட்டும். எத்தனை நூறு பீவர்களின் தோலை உரித்திருப்பாரோ, அந்த மனிதர் முதல் தடவையாக ஒரு பீவரோடு பேசிப் பழகினார்.

பிறகு கையில் பொறி எடுக்க மனம் வரவில்லை. பீவர் வேட்டையை விட்டுவிடப்போவதாக முடிவு செய்தார். வீரம் பேசுவது சுலபம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? போரில் காயம்பட்டதற்கு வரும் சிறு உபகாரச் சம்பளம் ஒன்றுதான் ஆதரவு. பிழைப்புக்காக எழுத ஆரம்பித்தார். 1929-ல் இங்கிலாந்தின் 'கன்ட்ரி லைப்' பத்திரிகையில் அவருடைய முதல் கட்டுரை வந்தது. 1931-ல் முதல் புத்தகம். தாம் கண்ட காட்டையும் வைத்த பொறிகளையும் கைவிட்ட தொழிலையும் பற்றித் திரும்பிப் பார்த்து எழுதியவை அவை.

இதற்கிடையே ஒரு வசந்தத்தில் மக்ஜின்னிஸும் மக்ஜின்டியும் ஒரு நாள் நீந்திப் போயின, திரும்பவில்லை. தம்பதிகள் ஏரி ஏரியாக, ஓடை ஓடையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தார்கள். மனிதரைக் கண்டு பயப்படாதபடி வளர்க்கப்பட்ட பிராணிகள். யார் கூப்பிட்டாலும் வந்திருக்கும். அவற்றுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று ஊகிக்க, அவரைவிடத் தகுதியானவர் யார்?

பின்னால் வந்த இன்னொரு ஜோடி, ஜெல்லி ரோல், ராஹைட். அவற்றில் ராஹைட் வந்த விதம்தான் விசேஷம். நீர்நாய்க்காக இவரே வைத்த பொறியில் அகப்பட்டு, தலைத்தோல் கிழிந்த நிலையில் கிடைத்தது அது. பீவரை விட்டாலும் மற்ற மிருகங்களுக்குப் பொறி வைப்பதை அப்போதும் அவர் முழுவதும் விட்டிருக்கவில்லை என்பதை இது காட்டுகிறது. இரவும் பகலும் காயத்துக்கு மருந்து போட்டுப் பிழைக்க வைத்தார்.

கனடா அரசாங்கத்தின் தேசியப் பூங்கா இலாகா இந்த அதிசயத்தைக் கேள்விப்பட்டுச் சினிமாப் படம் எடுத்தது. 1931-ல் அவருக்கு உத்தியோகமும் கொடுத்தது. பிரின்ஸ் ஆல்பர்ட் தேசியப் பூங்காவில் அஜவான் என்ற ஏரிக்கரையில் மரக்குடிசை எழும்பியது. அந்தக் குடிசைக்குள்ளேயே பீவர்கள் சேறும் குச்சியும் கொண்டு வந்து தங்கள் வீட்டைக் கட்டின. பாதி வீடு வெளியே, பாதி வீடு உள்ளே! மேஜைக்குப் பக்கத்தில் பீவர் வீடு. அடியில் ஏரிக்குச் சுரங்க வழி. அங்கே உட்கார்ந்துதான் அவர் தம் வேட்டை வருஷங்களை எழுதினார்.

இரண்டாவது கதை

1935-36-ல் இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்து இருநூறுக்கும் மேற்பட்ட பிரசங்கங்கள் செய்தார். மான்தோல் உடை, பின்னிய கூந்தல், கழுகு மூக்கு. கூட்டம் அலைமோதியது. லெஸ்டர் நகரத்துக் கூட்டத்தில் இருந்த இரண்டு சிறுவர்கள் ரிச்சர்ட், டேவிட் அட்டன்பரோ. 'காந்தி' படம் எடுத்த அதே ரிச்சர்ட், 1999-ல் கிரே அவுலின் கதையையும் படமாக எடுத்தார். இளையவர் டேவிட் இயற்கை உலகைப் படம் பிடித்துக் காட்டுவதையே வாழ்க்கையாகக் கொண்டதை உலகம் அறியும். 1937 டிசம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையிலும் பேசினார். குழந்தை எலிசபெத்தும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தம் தந்தை ஸ்காத்லாந்துக்காரர், தாய் அப்பாச்சி இனத்துச் செவ்விந்தியப் பெண் என்று கிரே அவுல் சொல்லிவந்தார். 1938 ஏப்ரல் 13-ம் தேதி நிமோனியாவில் இறந்தார். உடனேயே குட்டு உடைந்தது. நார்த் பே என்ற ஊரின் பத்திரிகை ஒன்று 1935-லேயே விஷயத்தைத் தெரிந்துகொண்டும் வெளியிடாமல் வைத்திருந்தது, இப்போது அச்சிட்டது. அவருடைய நிஜப் பெயர் ஆர்ச்சி பெலானி. இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் ஊரில் 1888-ல் பிறந்த அசல் வெள்ளைக்காரர்! அத்தைமார் வளர்த்த பிள்ளை. செவ்விந்தியர் கதைகளில் மயங்கி 1906-ல் கப்பலேறியவர். பிரசங்கத்துக்கு அதே ஹேஸ்டிங்ஸுக்கு அவர் வந்தபோது சபையில் அத்தைமார் உட்கார்ந்திருந்தார்கள். அடையாளம் தெரிந்துகொண்டார்கள், வாயைத் திறக்கவில்லை.

இது வெறும் வேஷம்தானே, பீவரைக் காப்பாற்றினாரே, போகட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அவ்வளவு சுலபமாக விட்டுவிட எனக்கு மனமில்லை. காரணம் சொல்கிறேன்.

பெலானி 1910-ல் டெமகாமியில் ஏஞ்சல் எக்வுனா என்ற ஒஜிப்வா பெண்ணை மணந்தார். அவளுடைய உறவினர்கள்தான் அவருக்குக் காட்டையும் மொழியையும் பொறியையும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மக்களிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாத்தியப்பட்ட காடு உண்டு. அதில் எங்கே எத்தனை பீவர் வீடு, வீட்டுக்கு எத்தனை பீவர் என்று கணக்கு வைத்திருப்பார்கள். குட்டி போடுகிற பெரியவற்றை விட்டுவிட்டு, பெருகியதை மட்டும் எடுப்பார்கள். 1913-ல் ஃப்ராங்க் ஸ்பெக் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே வந்தபோது அலெக் பால் என்ற தலைவர் இதை விளக்கினார். பண்ணைக்காரன் பன்றி வளர்ப்பது போலத்தான் நாங்கள் பீவரை வைத்துக்கொள்கிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம். ரயில் வந்தது, கூடவே வெளியார் வந்தார்கள். இன்றைக்கு இங்கே வாரி எடுத்துவிட்டு நாளைக்கு வேறு காட்டுக்குப் போகிறவனுக்குக் கணக்கு எதற்கு?

கிரே அவுல் தம் எழுத்தில் இந்த வெளியாரைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அவரே அப்படி வந்த வெளியார்தானே! பெரிய பொய் பிறந்தது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். எந்தக் கூட்டம் காட்டைக் காலி செய்ததோ, அந்தக் கூட்டத்தில் தாமும் ஒருவர் என்பதை மட்டும் அவரால் எழுத முடியவில்லை. ஏஞ்சலையும் பெண் குழந்தையையும் விட்டுப் பிரிந்ததையும் எழுதவில்லை. 1917-ல் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்து அவளையும் விட்டு வந்தார், அதுவும் இல்லை. கொன்ற பீவர்களைப் பற்றி ஒளிக்காமல் எழுதிய பேனா, மனிதர்கள் விஷயத்தில் மட்டும் மை வற்றிப் போயிற்று.

ஆனால் பொறியின் கொடுமையைப் பற்றி அவர் எழுதியது பொய்யா? அதற்குச் சாட்சி வேறொரு வேட்டைக்காரர். ஃப்ராங்க் கோனிபேர் என்பவர் கனடாவின் வட பிரதேசங்களில் பல வருஷம் பொறி வேட்டையே தொழிலாக வாழ்ந்தார். பிடிபட்ட மிருகங்கள் படும் பாடு அவர் மனத்தையும் அரித்தது. அவர் தொழிலை விடச் சொல்லவில்லை, பொறியை மாற்றினார். காலைப் பிடிக்காமல், கழுத்தில் அடித்துச் சீக்கிரம் கொல்லும் சதுரச் சட்டப் பொறியை உருவாக்கினார். 1950-களின் கடைசியில் விற்பனைக்கு வந்த அந்தப் பொறி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஐரோப்பிய நாடுகள் 1991-ல் காலைக் கவ்வும் பொறிகளைத் தடுக்கச் சட்டம் இயற்றின. அந்தச் சமயத்தில் நடந்த எதிர்ப்பு இயக்கங்களால் தோலின் விலை விழுந்து, கணக்கு வைத்து வேட்டையாடிய வடகோடி ஆதிக்குடிகளின் அடுப்பும் அணைந்தது என்பதையும் சொல்லவேண்டும். தொப்பி போட்டவர்கள் செய்த பாவத்துக்கு அவர்களும் அபராதம் கட்டினார்கள்.

பீவர் தப்பிவிட்டது. வேட்டைக்குக் கட்டுப்பாடும், காலியான காடுகளில் மறுபடி கொண்டு விட்டதும் பலன் தந்தன. இன்று கனடாவில் ஏராளமாக இருக்கிறது. சாலையை மூழ்கடிக்கிறது, வயலில் தண்ணீர் கட்டுகிறது என்று புகார் சொல்லும் அளவுக்கு! 1975-ல் அதைக் கனடாவின் சின்னமாகச் சட்டமே ஏற்றுக்கொண்டது. அந்நாட்டு ஐந்து சென்ட் நாணயத்தில் 1937 முதலே அது உட்கார்ந்திருக்கிறது.

அனாஹாரியோ 1936-லேயே கணவரைப் பிரிந்தவர். அவருக்குக்கூடக் கணவர் இங்கிலாந்துக்காரர் என்பது தெரியாது. மற்றவர்களைப் போலச் செய்தி வந்த பிறகுதான் தெரிந்துகொண்டார். 1972-ல் தம் பங்குக்குத் திரும்பிப் பார்த்து ஒரு புத்தகம் எழுதினார். மிருகங்களுக்காகக் கடைசி வரை வாதாடினார். 1983-ல் கனடா அரசாங்கம் அவருக்கு விருது அளித்தது. 1986-ல் காலமானார்.

அஜவான் ஏரிக்கரையில் அந்தக் குடிசை இன்னும் நிற்கிறது. சாலை கிடையாது. சுமார் 20 கிலோமீட்டர் நடந்து போகவேண்டும். அல்லது தோணியில் போகவேண்டும். பக்கத்து மேட்டில் மூன்று கல்லறைகள். ஒன்று அவருடையது. அவரைப் பிரிந்து போன அனாஹாரியோவும் அங்கேதான் இருக்கிறார். மூன்றாவது கல்லறையில் இருப்பவர், அவர்களுடைய மகள் டான்.